பரங்கிமலை பீரங்கியும் கல்வராயன் மலை இடியும்

மின்னல் வெட்டினதும் இடி கேக்குற வரைக்கும் எண்ணுறது கல்வராயன் மலையடிவாரத்துல எங்களுக்குப் பழக்கம். அந்த எண்ணிக்கைக்குப் பின்னாடி இருக்கிற கணக்கை இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே சென்னையில் அளந்து பார்த்திருக்கிறார்கள்.

அளந்தவர் ஜான் கோல்டிங்ஹாம். கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டிய வானாய்வுக் கூடத்தின் பொறுப்பாளர். அங்கிருந்த கருங்கல் தூண் இன்னைக்கும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் உண்டு.

அப்போது கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலை, மாலை பீரங்கி சுடுவார்கள். 1820, 1821-ல் அவர் அதையே சோதனைக்கு வைத்துக்கொண்டார். வெளிச்சம் தெரிஞ்ச நொடியில் எண்ண ஆரம்பிக்கணும், சத்தம் காதில் விழுந்ததும் நிறுத்தணும். அவ்வளவுதான்.

பரங்கிமலைக்கும் கூடத்துக்கும் சுமார் 29,500 அடி. சத்தம் வந்து சேர ஏறக்குறைய 26 நொடி. வகுத்தால் நொடிக்கு 1,134 அடி. அஞ்சாம் வகுப்புப் பிள்ளை போடுற கணக்கு.

ஆனா மனுஷன் ஒரு நாளோடு விடவில்லை. வெப்பம், ஈரம், காற்று எல்லாம் குறித்துக்கொண்டு மாதக்கணக்கில் அளந்தார். ஜனவரியில் நொடிக்கு 1,100 அடி, ஜூலையில் 1,160-க்கு மேல். காற்று சூடானா சத்தம் வேகமா ஓடும். 1823-ல் லண்டன் ராயல் சொசைட்டி இதை வெளியிட்டது.

அந்த வேகத்துக்கு மூணு நொடின்னா ஒரு கிலோமீட்டர். வயக்காட்டில் எங்களுக்கு இது போதும்.

மேக்கே மலைமேல் கருமேகம் திரளுதுன்னு வைங்க. முதல்ல 36 நொடி, அப்படின்னா 12 கிலோமீட்டர். பத்து நிமிஷம் கழிச்சு 30 நொடி, 10 கிலோமீட்டர். பத்து நிமிஷத்துக்கு 2 கிலோமீட்டர் வந்திருக்கு. இதே வேகம்னா தலைக்கு மேல வர இன்னும் 50 நிமிஷம் ஆகும். "ரெண்டு பாத்தி மரவள்ளிக்குக் களை வெட்டிடலாம்"னு தோணும். அங்கதான் ஆபத்து. அடுத்த பத்து நிமிஷத்தில் 18 நொடி, 6 கிலோமீட்டர். இப்போ 4 கிலோமீட்டர் வந்திருக்கு, வேகம் ரெண்டு மடங்கு. இப்படி வேகம் கூடுறதைத்தான் முடுக்கம்னு பாடப்புத்தகம் சொல்லுது. இந்த வேகத்தில் மிச்ச 6 கிலோமீட்டருக்கு 15 நிமிஷம்தான். 50 நிமிஷம்னு நினைச்சது 25-லேயே முடிஞ்சிடும்.

ஒவ்வொரு மின்னலும் வேற வேற இடத்தில் விழும். அதனால் வேகக் கணக்கு குத்துமதிப்புதான், அதை நம்பி வேலையை நீட்டக் கூடாது. 30-க்குள்ள இடி கேட்டா மண்வெட்டியைப் போட்டுட்டுக் கிளம்பிடணும். மரத்தடியும் மோட்டார் கொட்டாயும் ஆகாது, காரை வீடுதான். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழிச்சுத்தான் வெளிய வரணும்.

நாட்டில் வருஷத்துக்கு ரெண்டாயிரம் பேருக்கு மேல் மின்னலில் சாகிறார்கள். அதில் நிறைய பேர் வயக்காட்டில் நின்னவங்க. ஊருக்கு போன் போடும்போது உங்க சித்தப்பா, பெரியம்மாவுக்கு இந்த 30 கணக்கைச் சொல்லி வைங்க.