தக்ரார் தோழராகச் செயற்கை நுண்ணறிவு

மத்ரஸாவில் ஓதியவர்களுக்குத் ‘தக்ரார்’ தெரியும். உஸ்தாத் பாடம் நடத்திய பின் மாணவர்கள் இரண்டு மூன்று பேராக அமர்வார்கள். ஒருவர் பாடத்தைத் திரும்பச் சொல்ல, மற்றவர்கள் குறுக்குக் கேள்வி கேட்பார்கள். புரிந்தது எது, புரிந்ததாக நினைத்தது எது என்பது அங்கேதான் தெரியவரும்.

2022 நவம்பரில் வெளியான சாட்ஜிபிடியையும் அது போன்ற செயலிகளையும் கல்லூரி மாணவர்கள் தக்ரார் தோழராக வைத்துக்கொள்ளலாம். உஸ்தாதாக அல்ல என்பதே நம் கருத்து. காரணம், அவற்றுக்கு சனது இல்லை. ஹதீஸ் கலையில் ‘யாரிடமிருந்து கேட்டீர்?’ என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். இச்செயலிகளோ அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து வாக்கியம் அமைப்பவை. 2023இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி தந்த, நடக்கவே நடக்காத வழக்குகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளானார்கள். படித்தவர்களுக்கே இந்த நிலை.

கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பகுதியிலிருந்து கல்லூரிக்கு வரும் ஒரு மாணவியை நினைத்துப் பார்ப்போம். வீட்டில் பட்டம் படித்தவர் இல்லை. இரவில் சந்தேகம் கேட்க ஆளில்லை. இப்படிப்பட்டவருக்கே இக்கருவி அதிகம் பயன்படும், அதிகம் ஏமாற்றவும் செய்யும். அங்கு வாழும் ‘மலையாளி’ பழங்குடியினர் வேறு, கேரள மலையாளிகள் வேறு. எங்கும் அதிகம் புழங்கும் பொருளை நோக்கியே சாயும் இயந்திரம் இங்கே தடுமாற வாய்ப்புண்டு.

அம்மலையில் 1976இல் ஜாகிர்தார் ஆதிக்கம் முடிவுக்கு வந்தது பற்றி அவர் கட்டுரை எழுத வேண்டும் என்று வையுங்கள். முதலில் நூலகத்தில் கிடைப்பதைப் படித்து, தானே ஒரு வரைவு எழுதட்டும். பிறகு செயலியிடம், ‘என் வாதத்தில் ஓட்டை எங்கே? மறுப்பவர் என்ன கேட்பார்?’ என்று கேட்கட்டும். கேள்விகளை வாங்கிக்கொண்டு பதிலைத் தானே தேடட்டும். ‘கட்டுரை எழுதிக் கொடு’ என்று கேட்டு, வந்ததைத் தன் பெயரில் ஒப்படைப்பது அமானிதத்துக்கு மாறானது; பிடிபடாவிட்டாலும் அப்படித்தான்.

பதில் தேட அவர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1976இல் 20 வயதில் இருந்தவர்களுக்கு இப்போது 70ஐ ஒட்டிய வயது. கண்ணால் கண்ட சாட்சிகள் அவர் ஊரிலேயே இருக்கக்கூடும். அவர்களிடம் கேட்டு, சொன்னவர் பெயர், வயது, ஊர், கேட்ட தேதி ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளட்டும்.