சிறுவரைக் காத்த வரலாறும் நமது கடமையும்



ஜூபிலி ஆண்டை முன்னிட்டு நமது பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தோம். மை மங்கிய அந்த ஏடுகளில்தான் எத்தனை குழந்தைகளின் பெயர்கள்! ஆலயம் எழும்பிய வரலாற்றை இம்மலரின் பிற பக்கங்களில் காண்பீர்கள். சிறுவர்களை நமது நாடும் சமூகமும் எங்கே காத்தன, எங்கே காக்கத் தவறின என்பதை மட்டும் இங்கே சுருக்கமாகக் கூற விழைகிறோம்.

சிறுவர்க்கான முதல் வேலி தொழிற்சாலை வாயிலில் போடப்பட்டது. ஏழு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைக்கலாகாது என்றது 1881-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். ஆனால் அதற்கு மேற்பட்ட, பன்னிரண்டு வயது நிரம்பாத சிறுவர் நாளொன்றுக்கு 9 மணி நேரம் உழைக்கலாம் என்று அதே சட்டம் இடங்கொடுத்தது! 1920-இல் சென்னை மாகாணம் குழந்தைகள் சட்டத்தை இயற்றியது. இந்தியாவில் இத்தகைய சட்டத்தை முதலில் கண்டது நமது மாகாணமே. பெற்றோர் கடனுக்காகப் பிள்ளைகளின் உழைப்பை அடகு வைப்பதை 1933-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது.

1956-இல் காமராசர் காலத்தில் விரிந்த மதிய உணவுத் திட்டமும், 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் பசித்த வயிற்றை நிரப்பியதோடு நிற்கவில்லை. பள்ளிக்கு வரும் பிள்ளை ஆசிரியரின் கண்பார்வையில் இருக்கும் பிள்ளை அல்லவா? பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992-இல் சேலம் மாவட்டத்தில் அரசின் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிற்று. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் வாடிய சிறுவரைக் குறித்த வழக்கில், 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான வேலையில் சிறுவரை அமர்த்திய முதலாளி, ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாயை அவர்களின் நலநிதிக்குச் செலுத்தவேண்டும் என்றது அத்தீர்ப்பு.

பசியும் உழைப்பும் கண்ணுக்குத் தெரிந்த கொடுமைகள். வீட்டுக்குள் நடக்கும் கொடுமையோ நெடுங்காலம் பேசப்படவேயில்லை. 2007-இல் மத்திய அரசு 13 மாநிலங்களில் நடத்திய ஆய்வில், சிறுவரில் பாதிக்கு மேற்பட்டோர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் துன்பத்துக்கு ஆளானதாகக் கூறினர். துன்புறுத்தியவர்களில் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள்! 2012-இல் வந்த போக்சோ சட்டம், இத்தகைய குற்றத்தை அறிந்தும் அறிவிக்காமல் மறைப்பதையே குற்றமாக்கியது. நிறுவனத் தலைவர்க்குத் தண்டனை இன்னும் கூடுதல்.

இவ்விடத்தில் நமது திருச்சபையும் தலைகுனிய வேண்டியிருக்கிறது. பல நாடுகளில் குருக்கள் சிலர் சிறுவர்க்கு இழைத்த தீங்கும், அதை மேலதிகாரிகள் மறைத்ததும் உலகறிந்த உண்மைகள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் பிறப்பித்த விதிகள், குருக்களும் துறவியரும் இத்தகைய தீங்கை அறிந்தால் திருச்சபை அதிகாரிகளிடம் அறிவித்தே ஆகவேண்டும் எனக் கட்டளையிட்டன. சிறியோருக்கு இடறலாயிருப்பவனைக் குறித்து ஆண்டவர் எந்திரக்கல்லைச் சொல்லி எச்சரித்தாரே, அவ்வெச்சரிக்கை முதலில் பீடத்தருகே நிற்கும் நமக்குத்தான்.

நமது தவறு ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில், மறைக்கல்விக்கு ஒழுங்காக வந்த சிறுமி ஒருத்தி திடீரென நின்றுவிட்டாள். உறவினர் ஒருவரைக் கண்டாலே பிள்ளை நடுங்குகிறாள் என்று அவளுடைய பாட்டி சாடையாகச் சொன்னார். அது குடும்ப விஷயம் என்று எண்ணி நாம் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. சில மாதங்களில் அக்குடும்பம் ஊரைவிட்டே போயிற்று. அந்தப் பாட்டியின் முகம் இன்றும் நமது செபத்தில் குறுக்கிடுகிறது.

ஆதலால், இந்த ஜூபிலியின் நினைவாக நாம் எடுக்கவேண்டிய தீர்மானங்கள் இவை: பிள்ளை சொல்வதை நம்பிக் கேட்போம். மறைக்கல்வி வகுப்பிலும் பாடகர் குழுவிலும் எந்தப் பிள்ளையையும் எவருடனும் தனித்து விடோம். அந்த விதி பங்குக்குருவுக்கும் பொருந்தும். ஐயம் எழுந்தால் குடும்ப மானம், கோவில் மானம் என்று மூடிவைக்காமல் 1098 என்ற இலவச எண்ணிலோ காவல் நிலையத்திலோ அறிவிப்போம்.

பதிவேட்டில் பெயர் எழுதிய நாளன்று அந்தப் பிள்ளைக்கு நாம் அனைவரும் பொறுப்பேற்றோம். அப்பொறுப்பை உண்மையோடு நிறைவேற்ற, குழந்தையாகப் பிறந்து ஏரோதின் வாளுக்குத் தப்பிய இறைமகன் நமக்குத் துணை நிற்பாராக!