தீர்ப்புக்குப் பின்னும் நிலைக்கும் சீருடை

2023 டிசம்பரில் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்றின்படி, 2010இல் தடுத்துவைக்கப்பட்ட முன்னாள் இராணுவ வீரர் ஒருவர் பொலிஸாரால் சித்திரவதை செய்யப்பட்டிருந்தார். பொறுப்பாளிகளில் ஒருவராகக் காணப்பட்டவர் தேசபந்து தென்னக்கோன். அப்போது அவர் பதில் பொலிஸ் மா அதிபர். நட்டஈடு செலுத்துமாறு அவருக்கும், ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்குமாறு தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கும் நீதிமன்றம் பணித்தது. 2024 பெப்ரவரியில் அவர் நிரந்தரப் பொலிஸ் மா அதிபராக நியமிக்கப்பட்டார். ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர் கடமையாற்றுவதை இடைநிறுத்தியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் 177 வாக்குகளால் அவரைப் பதவி நீக்கியது.

தலைமைப் பதவியில் இருந்தவரை அகற்றவே இத்தனை படிகள். ஒரு கிராமத்துப் பொலிஸ் நிலையத்தின் சார்ஜன்ட் விடயத்தில் யார் இவ்வளவு தூரம் போவார்கள்?

அந்த வேலைக்காகத்தான் 2001இல் 17ஆவது திருத்தத்தின் மூலம் தேசிய பொலிஸ் ஆணைக்குழு உருவாக்கப்பட்டது. 2010இல் 18ஆவது திருத்தம் அதன் முக்கிய அதிகாரங்களைப் பறித்தது. 2015இல் 19ஆவது திருப்பிக் கொடுத்தது, 2020இல் 20ஆவது மீண்டும் பறித்தது, 2022இல் 21ஆவது மறுபடியும் கொடுத்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் மாறும் ஓர் அமைப்புக்குப் பொலிஸ் நிலையங்கள் எப்படிப் பயப்படும்? அதிகாரம் கையில் இருக்கும் காலத்திலும், ஒழுக்காற்று அதிகாரத்தைப் பொலிஸ் மா அதிபரிடமே கையளிக்க அரசியலமைப்பு இடமளிக்கிறது. பொலிஸுக்கு எதிரான முறைப்பாடு இப்படித்தான் சுற்றிவந்து பொலிஸின் மேசையிலேயே விழுகிறது.

நீதிமன்ற வழிகள் இரண்டு. ஒன்று, அரசியலமைப்பின் 11ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் அடிப்படை உரிமை மனு. கால எல்லை ஒரு மாதம் மட்டுமே. சிறையில் இருப்பவருக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவருக்கும் ஒரு மாதம் எப்படிப் போகும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் விசாரணை உண்மையாகவே நடந்தது என்பதற்கு நீதிமன்றம் சான்று கேட்கும். ஆகவே முறைப்பாட்டு இலக்கத்தையும் ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்த வேண்டும். ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996.

மற்றது, 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைச் சட்டம். மேல் நீதிமன்றத்தில் குற்றம் நிரூபிக்கப்பட்டால் ஏழு முதல் பத்து ஆண்டு வரை சிறை. அடிப்படை உரிமை வழக்கில் வென்றவருக்கு நட்டஈடு கிடைக்கும். அடித்தவர் சிறை செல்வது இந்தச் சட்டத்தின் கீழ்தான். இரண்டும் ஒன்றென நினைத்து, நட்டஈட்டுடன் விடயம் முடிந்ததாக எண்ணுவோர் பலர்.

எந்த வழியானாலும் அடிப்படை, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை. நீதவான் முன் ஆஜர்படுத்தப்படும்போது அடி விழுந்தது என்று சொல்லி, வைத்தியப் பரிசோதனை கேட்கலாம். பொலிஸார் பக்கத்திலேயே நிற்பார்கள்; சொல்வது இலகுவல்ல. சட்டத்தரணி மூலமாகவாவது அதைப் பதிவு செய்துவிட வேண்டும். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸாரால் கைதாகிப் பின்னர் உயிரிழந்த இளைஞர், தனக்கு நடந்ததைத் தன் வாயாலேயே சொன்ன காணொளி வெளியானது. நீதவான் விசாரணையைத் தொடர்ந்து பொலிஸார் கைதாகினர். அந்தக் காணொளி இல்லாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

எல்லாவற்றிலும் கடினமானது சாட்சி சொல்வது. வத்தளைப் பொலிஸாரின் சித்திரவதைக்கு எதிராக 2003இல் உயர் நீதிமன்றத்தில் வென்ற ஒருவர், 2004 நவம்பரில், குற்றவியல் வழக்கில் சாட்சியமளிக்கச் சில நாட்கள் இருக்கையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2006 ஜனவரியில் திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்ட வழக்கில், பொலிஸின் விசேட அதிரடிப் படையினர் உட்பட 13 பேரும் 2019இல் போதிய சாட்சியமில்லை என விடுவிக்கப்பட்டனர். சாட்சிகளுக்கான பாதுகாப்புச் சட்டம் 2015இல்தான் வந்தது. அதன் பாதுகாப்புப் பிரிவையும் பொலிஸ் திணைக்களத்துக்குள்ளேயே அமைத்தார்கள்.

வட அயர்லாந்தில், மோதல் ஓய்ந்த கையோடு, 2000இல் பொலிஸ் குறைகேள் அதிகாரி அலுவலகம் திறக்கப்பட்டது. அதற்குச் சொந்தப் புலனாய்வாளர்கள் உள்ளனர். பொலிஸாரைக் கைது செய்யும் அதிகாரமும் அவர்களிடம் உண்டு. இங்கே கேட்க வேண்டிய சீர்திருத்தமும் அதுதான்: பொலிஸிடம் கடன் வாங்காத புலனாய்வாளர்கள், பொலிஸுக்கு வெளியே சாட்சிப் பாதுகாப்பு, உயர் நீதிமன்றம் ஒருவரைப் பொறுப்பாளியாகக் கண்ட நாளிலேயே அவரைக் கடமையிலிருந்து இடைநிறுத்தும் சட்ட ஏற்பாடு. மூன்றாவது மட்டும் 2023இல் இருந்திருந்தால், 2024 பெப்ரவரி நியமனக் கடிதத்தை எவராலும் எழுதியிருக்க முடியாது.