நடுகல்லும் கண்ணியும்

இறந்தவர்க்குப் பூத் தொடுத்துச் சூட்டுவது உலகெங்கும் உள்ள வழக்கம். ஆயினும், அந்தப் பூ எது, அதைத் தொடுத்த நார் எது, தொடுத்த கை யாருடையது என்பவற்றை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாட்டில் குறித்து வைத்த பெருமை தமிழுக்கு உண்டு. நடுகற்கள் நிறைந்த தகடூர் நாட்டில் வாழும் நாம், நம் மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவில் அக்குறிப்புகளை ஒருமுறை எடுத்துப் பார்ப்பது பொருத்தமாகும்.

தொல்காப்பியப் புறத்திணையியல் கல் நடும் முறையை ஆறு நிலைகளாகக் கூறுகிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்பன அவை. கல்லைத் தேர்வதில் தொடங்கி வாழ்த்துவதில் முடியும் இவ்வரிசையில் பூ தனியே எண்ணப்படவில்லை. இலக்கணம் எண்ணாமல் விட்ட அந்தப் பூவைப் புலவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று கண்ணிகள்

புறநானூற்றின் 265-ஆம் பாட்டு சோணாட்டு முகையலூர்ச் சிறுகருந்தும்பியார் பாடியது. ஊரைக் கடந்த பாழிடத்தில் ஒரு கல் நிற்கிறது. ஓங்கிய வேங்கை மரத்தின் பொன்னிறப் பூங்கொத்துகளைப் பனந்தோட்டுடன் சேர்த்துத் தொடுத்து, படலை மாலையாக அக்கல்லுக்குச் சூட்டுகிறார்கள். சூட்டுபவர்கள் அரசரும் அல்லர், பூசாரியரும் அல்லர். பல பசுக்களை மேய்க்கும் கோவலர்கள். எந்த ஆநிரைக்காக வீரன் உயிர் கொடுத்தானோ, அந்த ஆநிரையால் வாழ்கிறவர்களே மாலை தொடுக்கிறார்கள். கடன்பட்ட கை தானே தொடுத்த மாலை அது.

264-ஆம் பாட்டு உறையூர் இளம்பொன் வாணிகனார் பாடியது. பருக்கைக் கற்கள் நிறைந்த மேட்டில் பதுக்கை குவித்து, மரலைக் கிழித்தெடுத்த நாரால் செந்நிறப் பூக்களைத் தொடுத்து, அக்கண்ணியோடு மயிற்பீலியையும் சூட்டிப் பெயர் பொறித்துக் கல் நடுகிறார்கள். மரல் என்பது இன்று மருள் என வழங்கும் செடி. அதன் நார் மிக வலியது. வில்லுக்கு நாணாகத் திரிக்கப்படுவது. அம்பை விடுத்த நாணுக்கு உரிய நார், அம்பால் வீழ்ந்தவனுக்குப் பூத் தொடுக்கும் நாராக மாறிவிடுகிறது.

அகநானூற்றின் 269-ஆம் பாட்டு இதனினும் நுணுக்கமானது. ஆநிரை பெயர்ந்து செல்ல, தாம் பெயராமல் நின்று வேலேந்திய மழவரைத் தடுத்த வீரர்கள் அதில் வருகிறார்கள். நட்டது போலத் தானே உயர்ந்து நிற்கும் நெடிய கல்லில் பல பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. அதனை நீராட்டி, மஞ்சள் பூசி, கரந்தைப் பூவால் கட்டிய கண்ணியைச் சூட்டுகிறார்கள். அதற்கு நார் ஆத்தி மரத்தின் பட்டை. அந்தப் பட்டையை அறுத்த கருவி அம்பு! கரந்தை, நிரை மீட்கச் செல்வோர் சூடும் பூ. உயிரோடு இருந்தபோது அவன் தலையில் இருந்த அதே பூ, இறந்தபின் அவன் கல்லின் தலையில் ஏறுகிறது.

இம்மூன்று மாலைகளிலும் விலைக்கு வாங்கிய பொருள் எதுவும் இல்லை. பூ மரத்திலிருந்து வந்தது. நார் வழியோரத்துச் செடியிலிருந்தும் மரப்பட்டையிலிருந்தும் வந்தது. கருவி தோளில் இருந்தது. வேண்டியிருந்தது கை ஒன்றுதான்.

அறிந்தவரும் அறியாதவரும்

264-ஆம் பாட்டின் முடிவு உற்று நோக்கத்தக்கது. நம் தலைவன் கல்லாகிவிட்டான் என்பதை அறியாமல் பாணர் சுற்றம் இன்னும் அவனைத் தேடி வருமோ எனப் புலவர் கேட்கிறார். பெயர் பொறிப்பதன் தேவை இவ்விடத்தில் விளங்குகிறது. பெயர், அறியாமல் தொலைவிலிருந்து வருபவருக்காக. பூ, அறிந்து அருகில் இருப்பவருக்காக. பெயரை ஒருமுறை வெட்டினால் போதும். பூவையோ வாடும்போதெல்லாம் மீண்டும் தொடுக்க வேண்டும். பெயர் இறந்தவனைச் சொல்கிறது. பூ, அவனை மறவாத ஒருவர் இன்னும் இருக்கிறார் என்பதைச் சொல்கிறது. அக்காலத்தில் இவ்விரண்டும் ஒரே கல்லில் ஒன்றாக இருந்தன.

எழுத்து நிலையானது என்று நாம் எண்ணுகிறோம். அகநானூற்றின் 297-ஆம் பாட்டு அவ்வாறு எண்ணவில்லை. மறவர்கள் அம்பு தீட்டித் தீட்டித் தேய்ந்துபோன நடுகல்லில், எழுத்துகளைச் சேர்த்துப் படிக்க இயலாமல் வழிப்போக்கர்கள் கடந்து செல்வதை அது காட்டுகிறது. கல்லெழுத்தும் வாடும், பூவைவிடச் சற்று மெதுவாக வாடும், அவ்வளவே.

ஔவையின் ஐயம்

தகடூர் மண்ணுக்கே உரிய துயரம் புறநானூற்றின் 232-ஆம் பாட்டில் இருக்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி மறைந்தபின் ஔவையார் பாடியது அது. நடுகல்லுக்குப் பீலி சூட்டிச் சிறிய கலத்தில் நாரால் வடித்த கள்ளை வார்க்கிறார்கள். உயர்ந்த மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன், இந்தச் சிறு கலத்துக் கள்ளைக் கொள்வானோ என்று ஔவையார் கேட்கிறார். இறந்தவருக்குப் படைக்கும் எவரும் உள்ளுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான். அதற்கு ஔவையாரிடமும் விடை இல்லை. விடை இல்லாதபோதும் பீலி சூட்டப்பட்டது, கள் வார்க்கப்பட்டது.

அதியமானுக்கு எழுப்பிய கல் இன்று நம் கையில் இல்லை. 1981-இல் ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு அவன் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆனால் அது அவன் அளித்த பாழியைக் கூறும் எழுத்து. அவன் மறைவைக் கூறுவது அன்று. அவனுக்கு நட்ட கல்லை நமக்குக் காட்டுவது ஔவையாரின் பாட்டு ஒன்றே.

பிரிந்துபோன இரண்டு

சங்க காலத்துக்குப் பின்னும் இப்பகுதியில் கல் நடுவது நிற்கவில்லை. பல்லவர் காலம் முதலாக வட்டெழுத்தில் பொறித்த கற்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அரசனின் ஆட்சியாண்டு, ஊர், தொறு கொண்டதும் மீட்டதும், இன்னான் பட்டான் என்னும் செய்தி ஆகியவற்றைச் சுருக்கமாகச் சொல்பவை அவை. சில கற்களில் வீரனின் காலருகே கெண்டியும் சிமிழும் செதுக்கப்பட்டிருப்பதைக் காணும்போது ஔவையாரின் சிறு கலம் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' நூலையும், 1975-இல் 'தருமபுரி கல்வெட்டுகள்' முதல் தொகுதியையும் இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எவரும் உச்சரிக்காத பெயர்கள் அந்த ஏடுகளில் மீண்டும் ஒலி பெற்றன. கற்களுள் பல, தருமபுரியில் உள்ள அகழ்வைப்பகத்தில் காப்பாக நிற்கின்றன. அங்கே பெயர் உண்டு, பூ இல்லை.

ஊர்ப்புறத்தில் நிலைமை நேர்மாறானது. ஏரிக்கரையிலும் கொல்லை மேட்டிலும் நிற்கும் கற்களை மக்கள் வேடியப்பன் என வணங்குகிறார்கள். வில்லேந்தி நின்றவன் வேடனாகி, வேடன் அப்பனாகிவிட்டான். மஞ்சள் பூசுவது அகநானூற்றில் கண்டபடியே நடக்கிறது. வேங்கைக்கும் கரந்தைக்கும் மாறாக, இம்மாவட்டத்துத் தோட்டங்களில் விளையும் சாமந்தியும் சம்பங்கியும் அரளியும் வந்திருக்கின்றன. மரல் நாரின் இடத்தில் நனைத்த வாழைநார் இருக்கிறது. ஆனால் எண்ணெயும் சந்தனமும் சுண்ணாம்பும் அடுக்கடுக்காகப் படிந்து எழுத்து மறைந்துவிடுகிறது. படைப்பவரைக் கேட்டால், "எங்க சாமிங்க" என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே பூ உண்டு, பெயர் இல்லை.

ஒரே கல்லில் சேர்ந்திருந்த இரண்டும் இவ்வாறு இரண்டு இடங்களாகப் பிரிந்துவிட்டன. இதில் எவர்மீதும் குறை சொல்வதற்கில்லை. அகழ்வைப்பகம் காக்கவில்லையென்றால் பல கற்கள் வரப்புக்கும் சுவருக்கும் போயிருக்கும். ஊரார் பூச் சூட்டவில்லையென்றால் மீதிக் கற்களும் நின்றிருக்கமாட்டா. படித்தவர் எழுத்தைக் காத்தார். படிக்காதவர் கல்லைக் காத்தார்.

மன்றத்தார்க்கு ஒரு வேண்டுகோள்

நாம் கவிதை எழுதுகிறவர்கள். பெயரைப் பொறிப்பதும் கண்ணி தொடுப்பதும் ஆகிய இரண்டு தொழிலையும் ஒருசேரச் செய்தவர்கள் நம் முன்னோர். எனவே, இனி நம்மில் எவர் ஒரு நடுகல்லைக் காணச் சென்றாலும் இரண்டு பொருள்களை எடுத்துச் செல்லலாம்: எழுத்தைப் பார்த்து எழுத ஓர் ஏடு, தாமே தொடுத்த ஒரு முழம் பூ. ஊராரின் மனம் நோகாமல், அவர்கள் நீராட்டும் நாளில் உடன் நின்றால் எழுத்து தானே வெளிப்படும். கல்லின் பெயர் தெரிந்தால் முதலில் அவ்வூராரிடம் சொல்ல வேண்டும். அவர்கள் சாமிக்கு ஒரு பெயர் இருந்தது என்பதை அறியும் உரிமை அவர்களுக்கே முதலில் உண்டு.

இப்பத்தாண்டுகளில் நம் மன்றமும் சிலரை இழந்திருக்கிறது. அவர்கள் பெயர்கள் இம்மலரில் அச்சேறிவிட்டன. பூவை ஆண்டுதோறும் நாம்தான் தொடுக்க வேண்டும்.