மதனப்பள்ளியில் ஒரு சங்கத்தின் பெயர்: மார்கரெட் கசின்ஸின் மலையூர்க் காலம்

1916 ஏப்ரலில் டப்ளின் நகரில் ஈஸ்டர் கிளர்ச்சி வெடித்தபோது, ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் சென்னையில் இருந்தார். அன்னி பெசன்ட் நடத்திய ‘நியூ இந்தியா’ நாளேட்டின் இலக்கியப் பகுதியைக் கவனிப்பதற்காக முந்தைய ஆண்டுதான் மனைவி மார்கரெட்டுடன் இந்தியா வந்து சேர்ந்திருந்தார். கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர்களுள் கவிஞர்கள் இருந்தனர். அவர்களது உலகமே கசின்ஸின் உலகமும். கிளர்ச்சியைப் போற்றி அவர் நாளேட்டில் எழுதினார். தன்னாட்சி இயக்கத்தால் ஏற்கெனவே அரசின் கண்காணிப்பில் இருந்த பெசன்டுக்கு அவரைத் தொடர்ந்து வைத்திருக்க முடியவில்லை. வேலை போயிற்று. மாற்றாகக் கிடைத்த இடம் மதனப்பள்ளி. அங்கிருந்த பிரம்மஞான சபைக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் பணி அது.

மதனப்பள்ளி அப்போது சித்தூர் மாவட்டத்தின் ஒரு தாலுகாத் தலைநகர். அந்த மாவட்டமே 1911 ஏப்ரல் 1 அன்றுதான் உருவாகியிருந்தது: வட ஆர்க்காட்டிலிருந்து சித்தூர், சந்திரகிரி பகுதிகளும், கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு பகுதிகளும் ஒட்டுப்போடப்பட்டன. சித்தூரும் திருப்பதியும் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கிய ஊர்கள். மேட்டு நிலத்து மதனப்பள்ளியோ தெலுங்கு ஊர், கன்னட எல்லைக்கும் அருகில். பாகாலா சந்திப்பிலிருந்து தருமாவரம் செல்லும் மீட்டர்கேஜ் பாதையில் ‘மதனப்பள்ளி ரோடு’ நிலையத்தில் இறங்கி, அதன் பிறகு பல மைல் தொலைவு சாலை வழியே போகவேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரம். சுற்றிலும் பாறைக் குன்றுகள். கடப்பைக் கலெக்டராக இருந்த ஹார்ஸ்லி என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோடை மாளிகை கட்டிக்கொண்ட ஏனுகு மல்லம்மா கொண்டாவும் அருகில்தான். இன்று வரைபடங்களில் அது ஹார்ஸ்லி மலை. மல்லம்மா இடப்பெயர் ஆய்வாளரின் அடிக்குறிப்பாகிவிட்டாள்.

கணவருக்காவது அங்கே ஒரு பணி இருந்தது. மார்கரெட் எப்படிப்பட்டவர் என்பதைச் சொன்னால்தான் அந்த இடமாற்றத்தின் முரண் விளங்கும். 1878இல் அயர்லாந்தின் பாய்ல் என்னும் சிற்றூரில் பிறந்தவர். இசையில் பட்டம் பெற்றவர். 1908இல் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டனுடன் சேர்ந்து ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தைத் தொடங்கினார். 1910இல் லண்டன் ஹாலோவே சிறையில் ஒரு மாதம். 1913இல் அயர்லாந்தின் டுல்லமோர் சிறையில் மீண்டும் ஒரு மாதம், அங்கே உண்ணாநோன்பும். ஈஸ்டர் கிளர்ச்சியின்போது பிரிட்டிஷ் படையால் விசாரணையின்றிச் சுட்டுக்கொல்லப்பட்ட ஃபிரான்சிஸ் ஸ்கெஃபிங்டன், அந்த ஹன்னாவின் கணவர். இத்தனையையும் பின்னணியாகக் கொண்ட முப்பத்தேழு வயதுப் பெண், தெலுங்கு அறியாமல், ஜன்னல் உடைப்பதற்கு ஒரு அமைச்சர் மாளிகைகூட இல்லாத ஊருக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே அவர் செய்தது மிக எளிய காரியம். ஊர்ப் பெண்களை ஒன்றுகூட்டினார். அந்தக் கூட்டத்துக்கு அமைந்த பெயர் ‘அபலா அபிவர்த்தனி சமாஜம்’. ஆங்கிலத்தில் அதை ‘நலிந்த பாலினத்தாரின் முன்னேற்றச் சங்கம்’ என்று பொருள்படும் சொற்களால் குறித்தார்கள். சிறைசென்ற வாக்குரிமைப் போராளி ஒருவர் ‘நலிந்தவர்’ என்ற சொல்லை எப்படி ஏற்றார் என்று இன்றைய வாசகர் திகைக்கக்கூடும். இவ்விடத்தில் சற்று நின்று பார்ப்பது தகும்.

சொற்பிறப்பின்படி ‘அபலா’ என்பது ‘பலம் அற்றவள்’. ஆனால் வடமொழி நிகண்டு மரபில் அது பெண்ணைக் குறிக்கும் பல சொற்களுள் ஒன்று மட்டுமே. அமரகோசம் அதை நாரி, வனிதை முதலியவற்றோடு ஒரே வரிசையில் வைக்கிறது. தெலுங்குக் காவிய நடையிலும் அது ‘பெண்’ என்பதற்கான ஒரு செவ்வியல் சொல். ஆகவே அச்சொல்லைக் கேட்ட தெலுங்குக் காதில் ‘மாதர் வளர்ச்சிக் கழகம்’ என்னும் பொருளே முதலில் ஒலித்திருக்கக் கூடும். மொழிபெயர்ப்புதான் அந்தப் பழைய உருவகத்தைத் தோண்டி எடுத்தது. விக்டோரியா கால ஆங்கிலத்தில் பெண்ணை ‘நலிந்த பாலினம்’ என்பது வழக்கமான தொடராக இருந்ததால், அது வெகு பொருத்தமாக வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு மொழிகளின் ஆண்மையக் கண்ணோட்டம் கைகுலுக்கிக்கொண்ட இடம் என்று இதைச் சொல்லலாம். தமிழ் இதில் தன்னை விலக்கிக்கொள்ள இயலாது. ‘அபலை’ தமிழில் ஆதரவற்றவளாகவே நிலைத்துவிட்டாள். பெண்ணின் ஏழு பருவங்களில் முதலாவதன் பெயரான ‘பேதை’, அறிவிலியையும் குறிக்கும்.

சமாஜம் சிறியது. ஆனால் அதன் காலவரிசை கவனத்துக்குரியது. 1917 மே 8 அன்று அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்படுகிறது. தலைவர் பெசன்ட், மார்கரெட் கசின்ஸும் டொரோதி ஜினராஜதாசாவும் அதன் முதன்மை அமைப்பாளர்கள். மதனப்பள்ளிச் சமாஜமும் சென்னையில் ஏற்கெனவே இயங்கிய தமிழ் மாதர் சங்கமும் அதற்கு முன்மாதிரிகள். பெயரைப் பாருங்கள்: ‘அபலா’ மறைந்துவிட்டாள், ‘அபிவர்த்தனி’யும் போயிற்று. முன்னேற்றப்பட வேண்டியவர்கள் என்னும் குறிப்பு நீங்கி, சங்கம் கூடுபவர்கள் என்பது மட்டும் எஞ்சியது. இதை ஒரு கொள்கை முடிவு என்று நிறுவுவது கடினம். ஆனால் தற்செயல் என்று தள்ளிவிடுவதும் சரியன்று.

அடுத்த மாதமே பெசன்டை அரசு உதகையில் காவலில் வைத்தது. அதே ஆண்டு இறுதியில் இந்தியச் செயலாளர் மான்டேகு அரசியல் சீர்திருத்தம் குறித்துக் கருத்தறிய வந்தார். பெண்கல்வி பற்றி அவரிடம் முறையிடவே மார்கரெட் முதலில் நேரம் கேட்டார். அரசியல் தொடர்பான தூதுக்குழுக்கள் மட்டுமே சந்திக்கலாம் என்று பதில் வந்தது. அப்படியானால் அரசியலே பேசுவோம் என்று, ஆண்களுக்குரிய அதே அடிப்படையில் பெண்களுக்கும் வாக்குரிமை என்ற கோரிக்கை மனுவில் சேர்ந்தது. 1917 டிசம்பர் 18 அன்று சென்னையில் சரோஜினி நாயுடு தலைமையில் அந்தக் குழு மான்டேகுவைச் சந்தித்தது. இந்தியப் பெண்களின் வாக்குரிமைக் கோரிக்கை ஓர் அலுவலக விதியின் இடுக்கில் நுழைந்த கதை இது. எந்தக் கதவு எவ்வளவு திறக்கும் என்று கணக்கிடும் பழக்கம் டப்ளினில் கற்றது. ஆனால் யார் பெயரால் பேசுகிறோம் என்ற கேள்விக்கு டப்ளின் அனுபவம் விடையாகாது. அதற்கான தொடக்கப் பயிற்சி மதனப்பள்ளியில் நடந்தது.

மதனப்பள்ளி இன்று நினைவுகூரப்படுவது இதற்காக அன்று. 1919 பிப்ரவரி இறுதியில், தென்னிந்தியப் பயணத்தால் களைத்திருந்த இரவீந்திரநாத் தாகூர், கசின்ஸ் தம்பதியரின் விருந்தினராகக் கல்லூரிக்கு வந்து ஓய்வெடுத்தார். மாணவர்களின் மாலைப் பாட்டு அவையில், 1911இல் கல்கத்தா காங்கிரஸில் முதன்முறை பாடப்பட்ட ‘ஜன கண மன’வைப் பாடினார். மார்கரெட் அதன் இசைக்குறிப்பை எழுதினார். பிப்ரவரி 28 அன்று தாகூர் தம் கைப்பட அதன் ஆங்கில வடிவத்தை எழுதித் தந்தார். நாட்டுப்பண்ணின் வரலாற்றில் இந்த ஊருக்கு உரிய இடம் மறுக்கத்தக்கதன்று. எனினும் சில நாள் தங்கிய விருந்தினரின் பாட்டு ஊரின் அடையாளமாகிவிட, அந்த ஊரிலேயே வாழ்ந்தவர் அந்நிகழ்வில் இசைக்குறிப்பெழுதிய துணைப்பாத்திரமாகச் சுருங்கிவிட்டார். சமாஜத்துக்கு வந்த பெண்களோ அந்த அளவுக்கும் எஞ்சவில்லை. சென்னையின் பெண்ணிய வரலாறு அடையாற்றில் தொடங்குவதாக எழுதப்படும்போது, இந்தத் தெலுங்கு மேட்டு நிலம் இரண்டாம் முறையும் விடுபட்டுப்போகிறது.

மாகாணங்கள் தாமே முடிவெடுக்கலாம் என்று 1919ஆம் ஆண்டுச் சட்டம் வாக்குரிமைச் சிக்கலைத் தள்ளிவிட்டது. 1921 ஏப்ரலில் சென்னைச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கத் தீர்மானித்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுவே முதல். சொத்துத் தகுதி நீடித்ததால் வாக்களிக்க முடிந்த பெண்கள் மிகச் சிலர். மதனப்பள்ளிச் சமாஜத்துக்கு வந்த பெண்களில் யாருக்கேனும் அந்தத் தகுதி இருந்திருக்குமா என்பது தனியே ஆராயத்தக்க கேள்வி.

மார்கரெட் 1922இல் சென்னையில் கௌரவ மாஜிஸ்திரேட் ஆனார். 1927இல் பூனாவில் கூடிய அகில இந்திய மாதர் மாநாட்டுக்கு வித்திட்டார். 1932இல், அரசின் அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக ஓராண்டுத் தண்டனை பெற்று வேலூர் பெண்கள் சிறைக்குச் சென்றார். மூன்று நாடுகளின் சிறைகளைக் கண்டவர் என்ற வகையில் அவருக்கு இணையானவர்கள் குறைவு. அவர் விடுதலையான 1933இல் ஜேம்ஸ் மீண்டும் மதனப்பள்ளிக் கல்லூரியின் முதல்வராகத் திரும்பினார். 1940களில் மார்கரெட்டைப் பக்கவாதம் தாக்கியது. 1954 மார்ச்சில் அடையாற்றில் அவர் காலமானார். ஜேம்ஸ் இரண்டாண்டுகள் கழித்து, 1956 பிப்ரவரியில், முதலில் வேலையிழந்து வந்து சேர்ந்த அதே மதனப்பள்ளியில் மறைந்தார். அதற்குள் அந்த ஊர் சென்னை மாகாணத்தில் இல்லை. ஆந்திர மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.