அடுப்படியிலும் ஒரு போர்க்களம்

பதிவு கொஞ்சம் நீளம். காபியை வைத்துக்கொண்டு படியுங்கள்.

என்னிடம் படித்த பெண்களில் பலர் இன்று வங்கியிலும் மருத்துவமனையிலும் பள்ளியிலும் வேலை பார்க்கிறார்கள். பேசும்போதெல்லாம் ஒரே பாட்டுதான். "டீச்சர், சமையலை முடித்துவிட்டு ஓடவே நேரம் சரியாக இருக்கிறது. வாக்கிங் போய் மாசக்கணக்காச்சு. மொட்டை மாடித் தொட்டியில் வைத்த தக்காளியும் வாடிப்போச்சு." வேலைக்கும் போ, குடும்பத்துக்கும் சமை, காய்கறியும் பயிரிடு, உடம்பையும் கவனி என்று ஓர் அரசாங்கமே பெண்களிடம் கேட்ட காலம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டன். பாடப்புத்தகத்தில் ஹிட்லரும் சர்ச்சிலும் வருவார்கள், அடுப்படி வராது. அதனால் அதை இங்கே சொல்கிறேன்.

கதை இந்தியாவில் தொடங்குகிறது. மேரி பேகட் ஸ்டாக் என்ற பெண்மணியின் கணவர் கூர்க்கா படைப்பிரிவில் அதிகாரி. கணவரோடு இங்கே இருந்தபோது மேரி யோகாசனங்களைப் பார்த்துப் பழகிக்கொண்டார். இமயமலை அடிவாரத்து லேன்ஸ்டௌனில் 1914இல் மகள் புரூனெல்லா பிறந்தாள். அதே ஆண்டு முதல் உலகப் போர் வெடித்தது. கணவர் பிரான்சில் இறந்துபோனார். கைக்குழந்தையோடு நின்ற மேரி, உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பிழைக்க ஆரம்பித்தார். 1930இல் லண்டனில் 'உடல்நலம், அழகுக்கான மகளிர் சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார். ஒரு வகுப்புக்கு ஆறு பென்ஸ். வந்தவர்கள் டைப்பிஸ்டுகள், கடைகளில் விற்பனை செய்யும் பெண்கள், இல்லத்தரசிகள். வேலை முடிந்த மாலையில் இசைக்கேற்பக் கூட்டமாகச் செய்யும் பயிற்சி. சில ஆண்டுகளிலேயே உறுப்பினர் எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டியது. மேரி 1935இல் இறந்துபோக, இருபது வயது புரூனெல்லா பொறுப்பை ஏற்றாள்.

1939 செப்டம்பரில் போர் வந்தது. வகுப்புகள் சிதறின. சில மாதங்களிலேயே பிபிசி காலை வேளையில் வானொலி வழியாக உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது. ஆனால் அடுத்து வந்த வேலைகளைப் பார்த்தால், அந்தப் பெண்களுக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பிரிட்டன் தன் உணவில் பெரும்பகுதியைக் கப்பலில் வரவழைத்த நாடு. ஜெர்மன் நீர்மூழ்கிகள் அந்தக் கப்பல்களை மூழ்கடித்தன. 1940 ஜனவரி 8 முதல் ரேஷன். ஆளுக்கு வாரத்துக்கு வெண்ணெய் சுமார் 55 கிராம், டீத்தூள் அதே அளவு, சர்க்கரை கால் கிலோவுக்கும் குறைவு, முட்டை ஒன்று. அதுவும் வந்தால். அளவு அவ்வப்போது மாறும். குடும்பத்தின் ரேஷன் புத்தகத்தை ஒரு குறிப்பிட்ட மளிகைக் கடையில் பதிந்துவைக்க வேண்டும். தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து ஓடிவருவதற்குள், ரேஷனில் வராத சாமான்களெல்லாம் காலியாகியிருக்கும். நம்மூர் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்ற அம்மாக்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

காலை எட்டு மணிச் செய்திக்குப் பிறகு, 8.15க்கு வானொலியில் ஐந்து நிமிடச் சமையல் நிகழ்ச்சி. இருப்பதை வைத்து எப்படிச் சமைப்பது என்று சொல்வார்கள். உணவு அமைச்சர் வுல்டன் பிரபுவின் பெயரில் 'வுல்டன் பை' பிரபலமானது. உருளைக்கிழங்கு, கேரட், காலிஃபிளவர் எல்லாம் வேகவைத்து, மேலே மாவோ மசித்த கிழங்கோ மூடிச் சுட்டெடுப்பது. மிளகாய் இல்லை, தாளிப்பு இல்லை. பாவம். வெங்காயம்கூடத் தட்டுப்பாடு. அதுவரை வெங்காயம் வந்துகொண்டிருந்த பிரான்சின் பிரித்தானி பகுதியும் ஆங்கிலக் கால்வாய்த் தீவுகளும் 1940இல் ஜெர்மானியர் கையில் போய்விட்டன. குலுக்கல் சீட்டில் பரிசாக ஒரே ஒரு வெங்காயத்தை வைத்த காலம் அது!

காய்கறிக்கு ரேஷன் கிடையாது. அதனால்தான் 'டிக் ஃபார் விக்டரி' என்ற தோட்ட இயக்கம். 1939 அக்டோபரில் அதைத் தொடங்கிவைத்த வேளாண் அமைச்சர் ரெஜினால்ட் டோர்மன் ஸ்மித். பின்னால் இவர்தான் பர்மாவின் ஆளுநர். ஜப்பானியர் வந்தபோது நம் தமிழ்க் குடும்பங்கள் ரங்கூனிலிருந்து காடு மலை கடந்து நடந்தே வந்தார்களே, அப்போது ஆளுநராக இருந்தவர் இவரே. பிரிட்டனில் அவர் ஆரம்பித்த இயக்கம் நன்றாகவே நடந்தது. ரோஜாச் செடிகளைப் பிடுங்கி முட்டைக்கோஸ் நட்டார்கள். லண்டன் கோட்டையின் அகழியில் காய்கறி விளைந்தது. நகராட்சிகள் வாடகைக்குத் தரும் தோட்டத் துண்டுகள் போருக்கு முன் சுமார் 8 லட்சம். 1943இல் 14 லட்சம். ஆண்கள் போர்முனைக்குப் போன வீடுகளில் மண்வெட்டி பிடித்தது பெண்கள்தான்.

1941 டிசம்பரில் திருமணமாகாத இளம்பெண்களுக்குக் கட்டாயப் பணி வந்தது. சிறு குழந்தைகளின் தாய்மார்களுக்கு விலக்கு உண்டு. ஆனாலும் அவர்களில் ஏராளமானோர் வேலைக்குப் போனார்கள்.

எப்படிச் சமாளித்தார்கள்? தனியாகச் சமாளிக்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. தோட்டாவும் விமானமும் வேண்டுமென்றால் பெண்ணின் தலைச்சுமையைக் கொஞ்சம் இறக்கிவைக்க வேண்டும் என்று அரசுக்குப் புரிந்தது. மலிவு விலைப் பொது உணவகங்கள் 1943இல் 2,000க்கும் மேல் இருந்தன. 'பொது உணவூட்டல் மையம்' என்ற முதல் பெயர் சர்ச்சிலுக்குப் பிடிக்காமல் 'பிரிட்டிஷ் ரெஸ்டாரன்ட்' என்று மாற்றினார். தொழிற்சாலைகளில் கேன்டீன், பகல்நேரக் குழந்தைக் காப்பகங்கள், பகுதிநேர ஷிப்ட் எல்லாம் வந்தன. போதவில்லைதான். ஆனால் இதெல்லாம் பொதுப் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டார்கள்.

போர் முடிந்ததும் காப்பகங்களுக்குத் தந்த மானியத்தை அரசு குறைத்தது. ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆனால் ரேஷன் மட்டும் போகவில்லை. போரின்போது தாராளமாகக் கிடைத்த ரொட்டிக்கே 1946இல் ரேஷன் வந்தது. கடைசியாக இறைச்சிக் கட்டுப்பாடு நீங்கியது 1954 ஜூலையில். வரிசை அவளுக்கு அப்படியே இருந்தது, உதவிதான் போய்விட்டது.

புரூனெல்லாவின் கணவர் விமானப்படை வீரர். 1944இல் போரில் இறந்தார். இரண்டு சிறு மகன்கள். தாய்க்கு நேர்ந்தது மகளுக்கும் நேர்ந்தது. அவரும் தாயைப் போலவே பயிற்சி வகுப்புகளைத் தொடர்ந்தார். 96 வயதில், 2010இல்தான் மறைந்தார்.

இனி நம் தொழிலுக்கு வருகிறேன். அதுவரை அங்கே பல ஊர்களில் ஆசிரியைக்குக் கல்யாணமானால் வேலை போய்விடும். 1944 கல்விச் சட்டம் அந்த விதியை ஒழித்தது. அதே சட்டம் விவாதத்தில் இருந்தபோது, ஆசிரியைகளுக்கும் ஆண்களுக்கு இணையான சம்பளம் வேண்டும் என்று தெல்மா கேசலெட் கீர் என்ற பெண் உறுப்பினர் திருத்தம் கொண்டுவந்தார். 117க்கு 116 என்று ஒரே ஓட்டில் ஜெயித்தது. சர்ச்சில் அதையே நம்பிக்கை வாக்கெடுப்பாக மாற்றி, அதே வாரத்தில் முறியடித்துவிட்டார். சம சம்பளம் 1955இல்தான் ஏற்கப்பட்டது. அதுவும் தவணை தவணையாக வந்து முழுதாகக் கைக்குக் கிடைத்தது 1961இல். அந்த ஒரு ஓட்டில் ஜெயித்த அன்று ஐம்பது வயதில் இருந்த ஆசிரியைகள் அதற்குள் ஓய்வு பெற்றிருப்பார்கள்.