தலைப்படமும் இடைப்படமும்

நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் பணித்தபோது, பாண்டியர் காலத்துக் கண்மாய்களைப் பற்றியோ திருச்சுழித் தலத்தைப் பற்றியோ நாம் எழுதுவோம் என அன்பர்கள் எண்ணியிருக்கக்கூடும். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ அசைபடம். அனிமேஷன் என்று உலகம் வழங்குவது. இதற்குக் காரணம் உண்டு. அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் சுற்றுக் கிராமங்களிலும் நம் பிள்ளைகள் பலர், அரசு தந்த மடிக்கணினியிலும் இரவல் வாங்கிய கணினியிலும் எழுத்துகளைப் பறக்கவிடவும், திருமண அழைப்பிதழ்ப் படங்களை அசையவைக்கவும் தாமாகவே கற்று வருகின்றனர். கீஃப்ரேம், மோஷன் பாத், மாஸ்க் என்னும் சொற்கள் அவர்கள் நாவில் தாராளமாகப் புழங்குகின்றன. இம்மூன்று சொற்களுக்கும் பின்னே நூறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பின் வரலாறு இருக்கிறது. அந்த உழைப்பில் எவர் மேலிருக்கையில் அமர்ந்தனர், எவர் கீழ்ப்பலகையில் குனிந்திருந்தனர் என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே. கருவியைக் கற்பவன் அதனையும் அறிந்திருத்தல் நன்று என்பது நம் கருத்து.

திரைப்படம் ஒரு விநாடிக்கு 24 படங்களாக ஓடுகிறது. ஒரு நிமிடத்துக்கு 1,440 படங்கள். ஒரே படத்தை இருமுறை எடுத்துச் சிக்கனம் செய்தாலும், வரையப்பட வேண்டியவை 720 ஆகும். இவ்வளவையும் ஒருவரே வரைதல் இயலாது. ஆகவே படக்கூடங்களில் வேலை பிரிக்கப்பட்டது. தேர்ந்த ஓவியர் அசைவின் தொடக்கம், திருப்பம், முடிவு ஆகிய நிலைகளை மட்டும் வரைவார். இவையே கீஃப்ரேம்கள். நாம் இவற்றைத் தலைப்படம் என்போம். இரு தலைப்படங்களுக்கு நடுவே வரவேண்டியவற்றை உதவியாளர் வரைவர். அவை இடைப்படங்கள்.

கமலை இறைத்த காலத்தை நம் பெரியோர் அறிவர். மாடுகள் கிணற்று மேட்டிலிருந்து சரிவில் இறங்கும். நீர் நிறைந்த சால் எழும்பும் முதல் நொடியில் கயிறு இறுகி மாடு தயங்கும்; பின்னர் வேகம் பிடிக்கும்; சரிவின் அடியில் மெல்ல அடங்கி நிற்கும். மேட்டில் நிற்கும் மாடு ஒரு தலைப்படம். அடியில் நிற்கும் மாடு மற்றொன்று. நடுவிலுள்ள தயக்கமும் வேகமும் இடைப்படங்களின் பொறுப்பு. தொடக்கத்தில் படங்களை நெருக்கியும், நடுவில் தள்ளியும், முடிவில் மீண்டும் நெருக்கியும் வைத்தால்தான் அது மாடாகத் தோன்றும். சம இடைவெளியில் வைத்துவிட்டால் மாடு தண்டவாளத்தில் உருளும் பெட்டியாகிவிடும். இன்றைய மென்பொருளில் ‘ஈஸ்’ என்று பிள்ளைகள் அழுத்தும் பொத்தானின் பொருள் இதுவே.

இந்த வேலைப் பிரிவினை விரைவில் படிநிலையாக இறுகிற்று. அமெரிக்காவின் டிஸ்னி கூடத்தில், 1937இல் வெளிவந்த ‘ஸ்னோ ஒயிட்’ படத்தின் கோடுகளைக் கண்ணாடித் தாளில் மையிட்டு வண்ணம் தீட்டியவர்கள் பெரும்பாலும் பெண்களே. 1938இல் அந்நிறுவனம் வேலை கேட்ட ஒரு பெண்ணுக்கு அனுப்பிய மறுப்புக் கடிதம் இன்றும் காணக் கிடைக்கிறது. படைப்பு வேலை ஆடவர்க்குரியது, பெண்டிர்க்கு மையிடலும் தீட்டலுமே என்பது அதன் சாரம். இன்ன பிறப்பினர்க்கு இன்ன தொழில் என்னும் விதியை நம் ஊரில் மட்டுமே கண்டோம் என எண்ண வேண்டா. 1956இல் அதே கூடத்தில் ஃபிளாய்ட் நார்மன் என்ற கறுப்பின இளைஞர் இடைப்படம் வரைபவராகச் சேர்ந்தார். அங்கு நிலையான பணி பெற்ற முதல் கறுப்பின ஓவியர் அவரே என்பர். 1959இல் வந்த ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ படத்தின் இடைப்படங்களில் அவர் கை உண்டு. அதோடு அவர் நிற்கவில்லை. 1967இல் வந்த ‘ஜங்கிள் புக்’ படத்திற்குக் கதைப் பிரிவில் பணியாற்றினார். இடைப்படப் பலகையிலிருந்து கதை பேசும் அறைக்கு நடந்த அத்தொலைவு எத்தகையது என்பதை நம் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். தாதாசாகேப் பால்கே 1913இல் ‘ராஜா அரிச்சந்திரா’ எடுப்பதற்கு முன்பே, ஒரு பட்டாணிச் செடியின் முன் கேமராவை நிறுத்தி, நாளொரு படமாக எடுத்து, அது முளைத்து வளர்வதைத் திரையில் ஓடவிட்டார். ஆயினும் முறையான பயிற்சி என்பது 1956இல்தான் தொடங்கிற்று. பம்பாயில் நடுவண் அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் ஒரு கார்ட்டூன் பிரிவை நிறுவியது. கற்பிக்க வந்தவர் கிளேர் வீக்ஸ். இந்தியாவில் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்து டிஸ்னியில் பணியாற்றியவர். அங்கே கற்றவருள் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ராம் மோகன். பின்னாளில் இந்திய அசைபடத்தின் தந்தை எனப்பட்டு, 2014இல் பத்மஸ்ரீ பெற்றவர் இவரே. இப்பிரிவு 1957இல் அளித்த ‘பனியன் டீர்’ என்னும் படம் புத்தர் ஜாதகக் கதை. கருவுற்ற பெண்மான் ஒன்று பலிக்குச் செல்லும் முறை வந்தபோது, அதற்குப் பதிலாகத் தன் கழுத்தைக் கொடுக்க முன்வந்த மானரசனின் கதை. அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் புத்தநெறி தழுவிய 1956 அக்டோபர் 14க்கு அடுத்த ஆண்டே இப்படம் வந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருந்ததாக நாம் சொல்லவில்லை. எண்ணிப் பார்க்க இனிமையாக இருக்கிறது, அவ்வளவே.

இனி இயந்திரத்தின் கதை. 1969இல் அமெரிக்காவில் ரொனால்ட் பேக்கர் என்ற ஆராய்ச்சி மாணவர் ‘ஜெனிசிஸ்’ என்னும் அமைப்பை உருவாக்கினார். மின்பலகையில் எழுதுகோலால் ஒரு கோடு இழுத்தால், திரையிலுள்ள உருவம் அக்கோட்டின் வழியே செல்லும். அதனினும் வியப்பு, கோட்டின் வடிவத்தோடு கையின் வேகத்தையும் இயந்திரம் நினைவில் வைத்தது. மெதுவாக இழுத்த இடத்தில் உருவம் மெதுவாகச் சென்றது. மோஷன் பாத் என்று இன்று நாம் வழங்குவதன் மூதாதை இது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வைன் என்னும் இருவர், தலைப்படங்களை மனிதர் வரைய இடைப்படங்களைக் கணினியே கணக்கிட்டு நிரப்பும் முறையைக் கண்டு, 1971இல் வெளியிட்டனர். அம்முறையைக் கொண்டு பீட்டர் ஃபோல்டெஸ் 1974இல் அளித்த குறும்படத்தின் பெயர் ‘பசி’. ஒருவன் தின்கிறான், தின்னத் தின்னப் பருக்கிறான், முடிவில் பட்டினி கிடக்கும் கூட்டம் அவனையே தின்கிறது. கணினி கற்ற முதல் வித்தைகளுள் ஒன்று பசியைப் பற்றியதாக அமைந்ததை, வானம் பார்த்த இந்தச் சீமையில் பிறந்தவர்கள் கவனிக்க வேண்டும். அப்படம் கான் விழாவில் நடுவர் பரிசு பெற்றது. பர்ட்னிக், வைன் இருவரும் 1997இல் ஆஸ்கர் தொழில்நுட்ப விருது பெற்றனர். 1993இல் அமெரிக்காவின் பிராவிடென்ஸ் நகரில் ஒரு சிறு நிறுவனம் ‘ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்’ மென்பொருளை வெளியிட்டது. மறுஆண்டே அது அடோபி வசமாயிற்று.

மாஸ்க் என்பது மறைப்பு. இதைத் தமிழர் பெயரறியாமலே பல்லாண்டு கண்டு களித்திருக்கின்றனர். 1940இல் பி.யு. சின்னப்பாவும் 1958இல் சிவாஜி கணேசனும் ‘உத்தமபுத்திரன்’ படங்களில் இருவேடம் பூண்டதை டூரிங் கொட்டகையில் தரையில் அமர்ந்து பார்த்தவர்கள், ஒருவரே இருவராக எப்படி எதிரெதிரே நிற்கிறார் என்று வாய்பிளந்தனர். இரட்டை வேடத்துக்குக் கையாளப்பட்ட வழி எளியது. லென்சின் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி மறுபாதியில் நடிகரைப் படமெடுப்பர். பிறகு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, முன்பு எடுத்த பாதியை மூடி, நடிகரை வேறு உடையில் மறுபுறம் நிறுத்தி மீண்டும் எடுப்பர். கேமரா சற்றே அசைந்தாலும் நடுவில் கோடு தெரிந்துவிடும்.

மறைக்க வேண்டிய உருவம் ஓடியாடுமானால் அட்டையும் அதனோடு ஓட வேண்டும் அல்லவா? அங்கேதான் உழைப்பு பெருகுகிறது. மாக்ஸ் ஃபிளைஷர் 1917இல் காப்புரிமை பெற்ற ரோட்டோஸ்கோப் கருவி, ஓடும் படத்தை ஒவ்வொன்றாக நிறுத்தி அதன் விளிம்பைக் கையால் தடம் எடுக்க உதவியது. இன்று அதே வேலை மென்பொருளில் நடைபெறுகிறது. ஆறு விநாடிக் காட்சி என்றால் 144 படங்கள்; ஒவ்வொன்றிலும் நாயகியின் தலைமுடி ஓரத்தையும் விரல் இடுக்கையும் வெட்டிப் பிரிக்க வேண்டும். அயல்நாட்டுப் பெரும்படங்களின் இவ்வேலை மும்பை, ஐதராபாத், சென்னை நகரங்களின் கூடங்களுக்கு ஒப்பந்தமாக வருகிறது. இரவுபகலாக அமர்ந்து இதைச் செய்வோர் சிற்றூர்களிலிருந்து சென்ற இளைஞர் பலர். இழிவான வேலை என நாம் கூறோம். சோறிடும் எந்த வேலையும் இழிவன்று. ஆயின் கணினி இடைப்படத்தை நிரப்பத் தொடங்கிய பின்னும், கீழ்ப்பலகை மறையவில்லை. இடம் மாறி நம் நாட்டுக்கு வந்திருக்கிறது. இவ்விளிம்பு வெட்டும் வேலையையும் இயந்திரமே கற்று வருகிறது. ஆகவே அதை மட்டுமே அறிந்தவன் நிலை உறுதியானதன்று.

நம் பிள்ளைகளிடம் நாம் காணும் வேறொரு குறையையும் சொல்லிவிடுவோம். இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் மாதிரிகளை எடுத்து, பெயரையும் புகைப்படத்தையும் மட்டும் மாற்றி, தொழில் கற்றுவிட்டதாக நினைக்கின்றனர். அந்த மாதிரியின் தலைப்படங்களை வைத்தவன் வேறெங்கோ இருக்கிறான். பெயர் மாற்றுபவன் அவனுக்கு இடைப்படம் வரைகிறான். கூலியும் இல்லாமல் வரைகிறான்!

மென்பொருளின் விலை தடையென்பர். ஒருகாலத்தில் அது உண்மை. நெதர்லாந்தில் டோன் ரூசன்டால் 1994 முதல் உருவாக்கிய ‘பிளெண்டர்’ என்னும் மென்பொருளின் நிறுவனம் 2002இல் மூடப்பட்டது. முதலீட்டாளர்கள் அதை விடுவிக்க 1,00,000 யூரோ கேட்டனர். அதைப் பயன்படுத்திய சாதாரண மக்கள் உலகெங்குமிருந்து சிறுசிறு தொகை அனுப்பினர். ஏழே வாரங்களில் பணம் சேர்ந்தது. 2002 அக்டோபர் 13 முதல் அது எவர்க்கும் இலவசம். பிடியரிசியும் வீட்டுக்கு வீடு வரியும் சேர்த்துப் பள்ளிக்கூடம் எழுப்பிய மரபினர்க்கு இக்கதை புதிதாகத் தோன்றாது. லாட்வியா என்னும் சிறு நாட்டின் இயக்குநர் கின்ட்ஸ் ஸில்பாலோடிஸ் முழுவதும் பிளெண்டரிலேயே உருவாக்கிய ‘ஃபுளோ’ படம், 2025 மார்ச்சில் சிறந்த அசைபடத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது. பெருங்கூடங்களின் படங்கள் போட்டியில் உடன் இருந்தன.

கற்கும் முறை பற்றிச் சில சொற்கள். முதலில் கணினியைத் திறக்க வேண்டா. நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் ஒரு பந்து விழுந்து எழுவதை 12 தாள்களில் வரைந்து, கட்டைவிரலால் தாள்களை உதிர்த்துப் பார்க்க வேண்டும். பந்து தரையைத் தொடும் இடத்தையும் உச்சியில் நிற்கும் இடத்தையும் முதலில் வரைந்துவிட்டு இடையை நிரப்பினால், கீஃப்ரேம் என்பது கைக்கே விளங்கிவிடும். பிறகு அதே பந்தைக் கணினியில் செய்து, இயந்திரம் தானாக நிரப்பியதற்கும் தான் வரைந்ததற்கும் உள்ள வேற்றுமையைக் காண வேண்டும். அடுத்துக் கமலை மாட்டைச் செய்யட்டும். பார்த்திராதவர்கள் பாட்டனாரைக் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். பருந்து வட்டமிடுவதும் குண்டாற்றின் வளைவும் மோஷன் பாத்துக்குப் போதிய பயிற்சி. மாஸ்க் கடைசியில் வரலாம்.

மேற்படிப்புக்குச் சென்னை தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அசைவூட்டமும் காட்சி விளைவும் பட்டப்படிப்பாக உள்ளது. அகமதாபாத்தில் 1961இல் நிறுவப்பட்ட தேசிய வடிவமைப்பு நிறுவனமும் அசைபடம் கற்பிக்கிறது. அது நடுவண் அரசின் நிறுவனமாதலால் பட்டியல் சாதியினர்க்கு இடஒதுக்கீடு உண்டு. அதன் நுழைவுத் தேர்வில் உற்றுநோக்கலும் கையால் வரைதலும் சோதிக்கப்படுகின்றன. மேனிலைப் பள்ளி மாணவர்கள் இரண்டாண்டு முன்னரே வரையத் தொடங்கிவிடுவது நன்று. சங்க வாசகசாலையில் தாளும் பென்சிலும் ஞாயிறுதோறும் வைத்திருக்கச் செயலாளர் இசைந்துள்ளார்.